புல்வெளியும் வாக்குறுதியும்

காட்டு விலங்குகளைக் காக்க வேண்டுமெனின் மனிதரை அவற்றின் அருகே விடலாகாது என்னும் கொள்கை உலகில் நெடுங்காலம் நிலவியது. ஓர் எல்லையை வகுத்து, உள்ளே வாழ்ந்த குடிகளை வெளியேற்றி, காவலரை நிறுத்தி, அவ்விடத்திற்குத் தேசியப் பூங்கா எனப் பெயர் சூட்டுதலே காப்பு எனக் கருதப்பட்டது. இக்கொள்கை எங்கே மிக்க உறுதியோடு செயற்படுத்தப்பட்டதோ அங்கேயே அதன் குறையும் வெளிப்பட்டது. கெனியா நாட்டின் தென்பாகத்திலே, கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரம் தொடங்கி மாரா ஆறு வரை பரந்து கிடக்கும் புல்வெளியே அவ்விடம். அங்கு வாழும் மசாய் மக்களின் கடந்த நூற்றிருபது ஆண்டுக் கால வரலாறு, விலங்குகளின் வரலாறாக இருக்கும் அளவுக்கு வாக்குறுதிகளின் வரலாறாகவும் இருக்கின்றது.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அங்கு மழை குறைவு. பெய்யும் மழையும் ஓரிடத்திற் பெய்து மற்றோரிடத்திற் பொய்க்கும். கிளிமஞ்சாரோவுக்கு வடக்கே அமைந்த அம்பொசெலி வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 14 அங்குலத்தைத் தாண்டுவது அரிது. எனினும் அவ்வறண்ட நிலத்தின் நடுவே வற்றாத சதுப்பு நிலங்கள் உள்ளன. மலையில் வீழும் மழைநீர் எரிமலைப் பாறைகளினூடே ஊறி, நிலத்தின் கீழே வழிந்தோடி, அங்கே ஊற்றெடுக்கின்றது. மாரிகாலத்தில் யானைகளும் வரிக்குதிரைகளும் மானினங்களும் சதுப்பை விட்டகன்று, சூழவுள்ள ஆயிரக்கணக்கான சதுர மைல் பரப்பிற் பரந்து மேய்கின்றன. மழை ஓய்ந்து புல் கருகியதும் நீரை நாடி மீள்கின்றன. மசாய் மக்களின் மாடுகளும் அவ்வாறே சென்று அவ்வாறே மீண்டன. இத்தகைய நிலத்தில் சதுப்பை மாத்திரம் வளைத்துக் காத்தல், இதயத்தைக் காத்து உடலைக் கைவிடுதலை ஒக்கும்.

மசாய் மக்கள் மாட்டையே செல்வமாகக் கொண்டவர். உலகிலுள்ள மாடுகள் அனைத்தும் எங்காய் என்னும் தம் கடவுள் தமக்கே அளித்தவை என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. பாலையும் வளர்ப்பு விலங்குகளின் இறைச்சியையும் உண்டு வாழ்ந்த அவர்கள், வேட்டையாடிய இறைச்சியை உண்பதை இழிவாகக் கருதினர். கொடிய பஞ்சம் நேர்ந்தவிடத்து மாத்திரம், மாட்டை ஒத்தனவென்று எருமையையும் எலண்டு என்னும் பெருமானினத்தையும் உண்பதுண்டு. மேய்ச்சல் நிலம் தனி ஒருவருக்கு உரியதன்று. எப்போது எத்திசைக்கு மந்தைகளைக் கொண்டு செல்வது என்பதை முதியோர் கூடித் தீர்மானித்தனர். குடியிருப்பின் அருகே கன்றுகளுக்கென ஒரு புற்றரையை ஒதுக்கி வைப்பர். ஒலொபொலொலி எனப்படும் அந்நிலத்திற் பெரிய மாடுகளை விடுதல் குற்றம். இவ்வழக்கங்கள் யாவும் விலங்குகளின் மீதுள்ள அருளினால் எழுந்தன என்று கூறுவது மிகையாகும். மொரான் எனப்படும் இளம் வீரர் சிங்கத்தை ஈட்டியாற் குத்திக் கொல்வதை வீரத்தின் அடையாளமாகக் கொண்டிருந்தனர். ஆயினும் நிலத்தை உழாமலும், வேலியிட்டு அடைக்காமலும், மானை உண்ணாமலும் வாழ்ந்த மக்களின் நடுவே விலங்கினம் பெருகியதில் வியப்பில்லை. வெள்ளையர் அங்கு வந்து கண்டு வியந்த விலங்குக் கூட்டங்கள், மனிதர் இல்லாத வெற்று நிலத்தில் வாழ்ந்தவையல்ல; மனிதரோடு வாழ்ந்தவை.

வெள்ளையர் வந்த காலமோ அம்மக்களுக்குப் பெருங்கேடு நேர்ந்த காலமாக இருந்தது. 1890ஆம் ஆண்டையொட்டி வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய் கிழக்கு ஆபிரிக்காவைத் தாக்கியது. மாடுகளிற் பெரும்பாலானவை மாண்டன. எருமைகளும் மானினங்களும் அந்நோய்க்குத் தப்பவில்லை. அதனைத் தொடர்ந்து வைசூரியும் பஞ்சமும் உட்பகையும் வந்தன. அக்காலத்தை மசாய் மக்கள் எமுத்தாய் என்பர். முற்றாக அழிந்துபோதல் என்பது அச்சொல்லின் கருத்து. மக்களும் மந்தைகளும் குன்றியமையால் மேய்ச்சல் நிலங்கள் பல வெறுமையாகத் தோன்றின. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியின் கரை வரை அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1901ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பாதையின் இருமருங்கிலும் வெள்ளைக் குடியேறிகளை இருத்த விரும்பிய ஆட்சியாளருக்கு அந்நிலங்கள் உரியவர் அற்ற நிலங்களாகவே காட்சியளித்தன.

1904ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் முதல் வாக்குறுதி வழங்கப்பட்டது. ஆணையாளர் சேர் டொனால்ட் ஸ்ரூவர்ட் மசாய்த் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தார். மக்கள் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கிலுள்ள தம் சிறந்த மேய்ச்சல் நிலங்களை விட்டு நீங்கி, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கே மற்றோரிடத்திலும் ஒதுக்கப்பட்ட நிலங்களிற் குடியேறுவதாக உடன்பட்டனர். அதற்கு ஈடாக, மசாய் இனம் உள்ள வரையும் அந்நிலங்கள் அவர்களுக்கே உரியன என்று உறுதி கூறப்பட்டது. இரு நிலங்களையும் இணைக்க நீர்நிலைகளோடு கூடிய ஒரு பாதையும் வாக்களிக்கப்பட்டது.

ஓர் இனம் உள்ள வரையும் நிலைப்பதாகக் கூறப்பட்ட அவ்வாக்கு ஏழாண்டுகளே நிலைத்தது. லைக்கிப்பியா மேட்டு நிலத்தின் மீதும் குடியேறிகளின் கண் விழுந்தது. 1911ஆம் ஆண்டிலே, தேசாதிபதி சேர் பேர்சி ஜிருவார்டின் காலத்தில், மற்றோர் உடன்படிக்கை எழுதப்பட்டது. வடநிலத்து மக்கள் ஏறத்தாழ 10,000 பேர், பெருந்தொகையான மாடுகளோடும் ஆடுகளோடும் தெற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். புதிய நிலத்தில் நீர் குறைவு. மாடுகளைக் கொல்லும் நோய்களோ மிகுதி.

அம்மக்கள் ஈட்டியை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. லெகலிசு என்னும் வடநிலத்துத் தலைவரும் அவரைச் சார்ந்தோரும் சட்டத்தரணிகளை அமர்த்தி நீதிமன்றத்தை நாடினர். 1911ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் ஒப்பமிட்டோர் தம் சார்பில் ஒப்பமிட உரிமையுடையோர் அல்லர் என்பது அவர்களின் வாதம். 1913ஆம் ஆண்டில் வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது, மேன்முறையீடும் தோல்வியுற்றது. மசாய் மக்கள் பிரித்தானியப் பிரசைகள் அல்லர், காப்பிலுள்ள அந்நியரே ஆவர். அவர்களோடு செய்த உடன்படிக்கை இரு அரசுகளிடையே ஆன உடன்படிக்கை. அதனை விசாரிக்க இந்நீதிமன்றத்திற்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். உடன்படிக்கை செய்வதற்கு ஓர் அரசாகவும், நிலத்தை இழப்பதற்குக் குடிகளாகவும் அம்மக்கள் கருதப்பட்டனர்! வழக்கின் நியாயம் ஆராயப்படவேயில்லை.

நிலத்தின் மீது குடியேறிகள் கொண்ட ஆசையைத் தொடர்ந்து விலங்குகளின் பேராலும் உரிமை கோரப்பட்டது. 1945ஆம் ஆண்டில் கெனியாவில் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1946ஆம் ஆண்டில் தலைநகருக்கு அண்மையில் நைரோபித் தேசியப் பூங்கா அமைந்தது. அம்பொசெலி 1948ஆம் ஆண்டில் தேசிய ஒதுக்ககம் ஆயிற்று. அங்கு மசாய் மக்கள் வாழவும் மேய்க்கவும் தடையில்லை எனினும் ஆட்சி அவர்களிடம் இல்லை. சுதந்திரத்திற்கு முன்னர், 1961ஆம் ஆண்டில், அம்பொசெலியின் நிருவாகம் கஜியாடோ மாவட்ட சபையிடமும், மாராவின் நிருவாகம் நறொக் மாவட்ட சபையிடமும் ஒப்படைக்கப்பட்டன. உள்ளூர் மக்களின் சபையே விலங்குகளைக் காத்து அவற்றின் வருமானத்தையும் பெறுவது அக்காலத்திற்குப் புதுமையான முயற்சி. ஆயின் வருமானம் சபைக்குச் சென்றது. தன் மேய்ச்சல் நிலத்தில் யானைக்கும் இடங்கொடுத்த குடும்பத்திற்கு அது வந்து சேரவில்லை.

1971ஆம் ஆண்டில் அம்பொசெலிச் சதுப்பு நிலங்களை அரசுக்கு உரியனவாக்கும் சனாதிபதியின் ஆணை பிறந்தது. 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 150 சதுர மைல் பரப்புத் தேசியப் பூங்கா ஆயிற்று. மாடுகள் கோடைகாலத்தில் நீர் அருந்திய இடம் மாடுகளுக்கு மூடப்பட்டது. விலங்குகளோ முன்போலவே மாரிகாலத்தில் பூங்காவை விட்டு வெளியேறி மசாய் மக்களின் புல்லை மேய்ந்தன. விலங்கின் வழி திறந்திருக்க, மாட்டின் வழி மாத்திரம் அடைக்கப்பட்டது. சினங்கொண்ட இளைஞர் காண்டாமிருகங்களையும் யானைகளையும் சிறுத்தைகளையும் ஈட்டியாற் குத்திக் கொன்று எறிந்தனர். இறைச்சிக்காகவோ தந்தத்திற்காகவோ அவர்கள் அவற்றைக் கொல்லவில்லை. மனுக் கொடுத்தும் வழக்குப் பேசியும் பயன் காணாத ஓர் இனம், ஆட்சியாளர் மதித்த பொருளை அழித்துத் தன் குறையை உணர்த்திய செயல் அது.

அதன் பின்னரே இரண்டாம் வாக்குறுதி வந்தது. அம்பொசெலியில் ஆய்வு செய்துவந்த டேவிட் வெஸ்ரேண் என்னும் உயிரியல் அறிஞர், மக்களுக்குப் பயன் கிட்டாவிடின் விலங்குகளுக்கு வாழ்வில்லை என வற்புறுத்தினார். உலக வங்கியின் உதவியோடு 1977ஆம் ஆண்டளவில் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. சதுப்பு நீரைக் குழாய்வழியே பூங்காவுக்கு வெளியே கொண்டுவந்து மாடுகளுக்கு வழங்குதல், மேய்ச்சல் இழப்புக்கு ஈடாகப் பணம் அளித்தல் என்பன அதன் முக்கிய அம்சங்கள். மக்கள் தம் மாடுகளை வெளியே நிறுத்தினர். ஈட்டிகள் ஓய்ந்தன. கெனியாவின் யானைகள் 1973ஆம் ஆண்டில் ஏறத்தாழ 167,000 ஆக இருந்து, தந்தக் கொள்ளையால் 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16,000 ஆகக் குறைந்த கொடிய காலத்தில், அம்பொசெலி யானைகள் பெருமளவுக்குத் தப்பிப் பிழைத்தன. மசாய் மக்கள் வாழும் நிலத்தில் அயலாரான கொள்ளையர் மறைந்து திரிதல் எளிதன்று என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆயினும் சில ஆண்டுகளுள் குழாய்களும் எந்திரங்களும் பழுதுற்றன. பழுது பார்ப்பார் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இழப்பீட்டுப் பணமும் நின்றது. மாடுகள் மீண்டும் பூங்காவினுள் நுழைந்தன. வாக்கை மீறியவர் யார் என்ற கேள்விக்கு, உடைந்த குழாயே விடையாகக் கிடந்தது.

எல்லைக்கு அப்பால், தன்சானியாவிலும் இதையொத்த வரலாறே நிகழ்ந்தது. அங்கே செரெங்கெற்றிப் புல்வெளியில் வாழ்ந்த மசாய் மக்கள் 1959ஆம் ஆண்டில் அதனை விட்டு நீங்கி, அருகிலிருந்த ங்கொரொங்கோரோ மேட்டு நிலத்துக்குச் சென்றனர். அந்நிலத்தில் விலங்குகளின் நலமும் மக்களின் நலமும் முரண்படுமாயின் மக்களின் நலமே முதன்மை பெறும் எனத் தேசாதிபதி வாக்களித்தார். எனினும் 1975ஆம் ஆண்டில் அங்கு பயிர்ச்செய்கை தடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு முதல் அங்கிருந்த குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சொமேரா என்னும் ஊருக்கு இடம்பெயர்க்கப்பட்டன.

மீண்டும் கெனியாவை நோக்குவோம். 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மசாய் நிலங்களைக் கூட்டு மேய்ச்சற் பண்ணைகளாக வகுத்து, அவற்றின் உரிமையை அங்கத்தவர் அனைவருக்கும் பொதுவாக வழங்கியது. மாட்டிறைச்சி உற்பத்தியைப் பெருக்குவதே அரசின் நோக்கமாயிருந்தது. எனினும் தம் நிலத்தின் மீது சட்டம் ஏற்கும் உரிமையை மக்கள் பெற்றமையால், வேறொரு பயனும் பின்னர் விளைந்தது. அரசோ அயலாரோ நிலத்தை நாடிவரின் இனிப் பேரம் பேசியே பெறவேண்டும். 1996ஆம் ஆண்டில் அம்பொசெலிக்கு அருகே கிமானா என்னுமிடத்தில் அப்பண்ணையினரே தமக்குரிய விலங்குச் சரணாலயம் ஒன்றைத் திறந்தனர். அவ்வாண்டிலேயே லைக்கிப்பியாவில் இல் ங்குவெசி என்னும் பண்ணையின் மசாய் மக்கள் தாமே உல்லாசப் பயணிகளுக்கான விடுதி ஒன்றைக் கட்டி, அதன் வருமானத்தைப் பாடசாலைக்கும் மருத்துவத்திற்கும் நீருக்கும் செலவிடத் தொடங்கினர். 1911ஆம் ஆண்டில் மசாய் மக்கள் வெளியேற்றப்பட்ட அதே லைக்கிப்பியாவில் இது நிகழ்ந்தது.

கிமானாவின் பாதை மேடுபள்ளம் நிறைந்தது. விடுதி நடத்தும் பயிற்சியும் கணக்கு வைக்கும் பழக்கமும் அங்கத்தவரிடம் குறைவாயிருந்தன. பங்கீட்டிற் பிணக்குகள் எழுந்தன. சில ஆண்டுகளில் நிலத்தை வெளியார் நிறுவனமொன்றுக்குக் குத்தகைக்கு விடவேண்டியதாயிற்று. பின்னர் பண்ணை நிலமே தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. உரிமை மாத்திரம் போதாது, அதனை ஆளும் முறையும் வேண்டும் என்பதைக் கிமானா கற்பித்தது.

அம்முறை மாராப் புல்வெளியில் உருப்பெற்றது. அங்கும் கூட்டுப் பண்ணைகள் துண்டாடப்பட்டு, குடும்பத் தலைவர் பலர் ஏறத்தாழ 150 ஏக்கர் நிலத்துக்குத் தனியுரிமை பெற்றனர். ஒவ்வொருவரும் தம் துண்டுக்கு வேலியிட்டிருப்பின் விலங்குகளின் வழிகள் யாவும் அடைபட்டிருக்கும். மாடுகளும் புல்லின்றி மடிந்திருக்கும். ஆகவே அடுத்தடுத்து நிலம் உடைய நூற்றுக்கணக்கானோர் ஒன்றுகூடி, தம் துண்டுகளை வேலியின்றி ஒரே புல்வெளியாக இணைத்து, விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டனர். ஒல் கின்யேய் 2005ஆம் ஆண்டிலும், ஒலாரே ஒரொக் 2006ஆம் ஆண்டிலும், நபொய்சோ 2010ஆம் ஆண்டிலும் இவ்வாறு தோன்றின. நபொய்சோவில் ஏறத்தாழ 500 பேர் இணைத்த நிலம் 50,000 ஏக்கர் அளவினது.

இக்குத்தகையின் அமைப்பு நோக்கத்தக்கது. உல்லாசப் பயணிகள் மிகுதியாக வரினும் குறைவாக வரினும் நிலத்தின் அளவுக்கு ஏற்பக் குறித்த தொகையை மாதந்தோறும் செலுத்துதல் வேண்டும். அத்தொகை சபைக்கோ தலைவருக்கோ செல்லாது, நிலத்துக்குரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரே செல்லும். முன்னைய காலத்தில் இடைவழியிற் கரைந்த பணம் இவ்வாறு வீடு வந்து சேர்ந்தது. விடுதிகளின் தொகைக்கும் வரம்புண்டு. மாடுகள் முற்றாக விலக்கப்படவில்லை. எக்காலத்தில், எப்பகுதியில், எத்தனை மாடுகள் மேயலாம் என்பது கூடித் தீர்மானிக்கப்படுகின்றது. பழைய முதியோர் அவையின் வழக்கம் புதிய பெயரோடு திரும்பி வந்தது எனலாம். 2013ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இத்தகைய சமூகக் காப்புநிலங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

சிங்கத்தின் கதை இம்மாற்றத்தை மேலும் தெளிவாக்கும். பட்டியிற் புகுந்து மாட்டைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்க, இளைஞர் ஈட்டியோடும் நஞ்சோடும் புறப்படுவது வழக்கமாயிருந்தது. 2003ஆம் ஆண்டு முதல் அம்பொசெலியை அடுத்த ம்பிரிக்கானிப் பண்ணையில், சிங்கத்தால் இறந்த மாட்டுக்கு இழப்பீடு வழங்கும் முறை தொடங்கியது. எவரேனும் சிங்கத்தைக் கொன்றால் அயலார் யாவருக்குமே இழப்பீடு நிறுத்தப்படும். 2007ஆம் ஆண்டு முதல் மொரான் வீரரே சிங்கக் காவலராக அமர்த்தப்பட்டனர். அவர்கள் தடம் பார்த்துச் சிங்கங்களைத் தொடர்ந்து, அவற்றுக்கு மசாய் மொழியிற் பெயரிட்டு, அவை நெருங்கும் திசையை மேய்ப்பருக்கு அறிவிக்கின்றனர். சிங்கத்தைக் கொன்று பெற்ற பெருமையைச் சிங்கத்தை அறிந்து பெறும் பெருமையாக அவர்கள் மாற்றினர்.

இவை யாவும் நிறைவெய்திய வெற்றி எனக் கொள்ளுதல் தவறாகும். நிலப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே எழுதப்பட்டன. ஆகவே குத்தகைப் பணமும் அவர்கள் கைக்கே சென்றது. பாலைக் கறந்து விற்றுக் குடும்பத்தை நடத்திய பெண்டிருக்கு, மேய்ச்சல் கட்டுப்பட்டதால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கிட்டுவது அரிது. நிலம் கிடைக்காத குடும்பங்களோ குத்தகையையும் பெறவில்லை, மேய்ச்சலையும் இழந்தன. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொள்ளைநோயாற் பயணிகளின் வரவு நின்றபோது, பல காப்புநிலங்களிற் குத்தகைப் பணம் குறைந்தது. வெளிநாட்டார் ஓய்வுக்கு வருவதையே நம்பியிருக்கும் காப்பு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பது அப்பொழுது புலனாயிற்று. காப்புநிலங்களுக்கு வெளியே வேலிகள் பெருகின. கோதுமைப் பண்ணைகளும் நகர்களும் பரவின. கெனியாவின் மேய்ச்சல் நிலங்களில் வாழும் பெருவிலங்குகள் 1977ஆம் ஆண்டுக்கும் 2016ஆம் ஆண்டுக்கும் இடையே சராசரியாக 68 சதவீதம் குறைந்தன என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

எனினும் அந்நாட்டு விலங்குகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசின் பூங்காக்களுக்கு வெளியே, மக்களின் நிலத்திலேயே வாழ்கின்றன. ஆகவே பூங்காவின் எல்லையில் எத்தனை காவலரை நிறுத்தினும் அவற்றின் எதிர்காலம் அவ்வெல்லைக்கு வெளியேதான் தீர்மானிக்கப்படும். அரசும் இதனை உணரத் தலைப்பட்டது. 2023ஆம் ஆண்டில், அம்பொசெலியின் நிருவாகத்தைக் கஜியாடோ மாவட்டத்திடம் மீள ஒப்படைப்பதாகக் கெனியச் சனாதிபதி அறிவித்தார். 1961ஆம் ஆண்டில் ஒருமுறை கொடுத்து, பின்னர் மீளப் பெற்றதையே மறுபடி கொடுப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1904ஆம் ஆண்டின் வாக்குறுதி காகிதத்தில் எழுதப்பட்டது; அதனை விசாரிக்க நீதிமன்றம் மறுத்தது. 1977ஆம் ஆண்டின் வாக்குறுதி குழாயில் ஓடியது. அதனைப் பழுது பார்க்க ஒருவரும் இல்லை. இன்றைய குத்தகையும் ஒரு வாக்குறுதியே. முன்னையவற்றினும் அது உயர்ந்து நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: முன்னர் வாக்கு மீறப்பட்டபோது மசாய் மகனிடம் ஈட்டி மாத்திரம் இருந்தது, இப்பொழுது நிலப் பத்திரமும் இருக்கின்றது. பணம் வராவிடின் அவன் வேலியிடலாம், விற்கலாம், உழலாம். வாக்கைக் காக்கவேண்டிய கடமை இருபாலாருக்கும் உண்டு என்பதை அவ்வுரிமையே நாள்தோறும் நினைவூட்டுகின்றது.

மழை பெய்யத் தொடங்கியதும் அம்பொசெலி யானைகள் சதுப்பை விட்டு வெளியேறும். எங்கே பூங்கா முடிகின்றது, எங்கே பண்ணை தொடங்குகின்றது என்பதை அவை அறியா. அவற்றின் முன் வேலி நிற்குமா, வழி திறந்திருக்குமா என்பது, நிலத்துக்குரியவனிடம் சொன்ன சொல் காப்பாற்றப்படுகின்றதா என்பதைப் பொறுத்தது.